விமானத்துக்கு எஞ்சின் வாங்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், வணக்கம். சொந்த ஊர் தேனிப் பக்கம், இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். ஜெனித் சி.எச். 750 என்ற சின்ன விமானத்தின் கிட் (நாமே கோத்துக் கட்டும் பாகத் தொகுப்பு) ஒன்றை வாங்கி, இரண்டு வருடமாக நானும் மச்சானும் கார் ஷெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இறக்கை, வால், உடல் எல்லாம் முடிந்து எஞ்சினில் வந்து நிற்கிறோம். புது ரோட்டாக்ஸ் 912 போடலாம் என்கிறான் மச்சான். பக்கத்து விமானத்தளத்தில் பழைய கான்டினென்டல் ஓ-200 ஒன்று விலைக்கு வருகிறது. ஹோண்டா கார் எஞ்சினை மாற்றிப் போட்டால் பாதிக் காசில் முடியும் என்று இன்னொரு நண்பர் சொல்கிறார். எது நல்லது?
ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: கிட்டோடு வந்த வரைபடக் கட்டில் எஞ்சின் மவுன்ட், அதாவது எஞ்சினைத் தாங்கும் சட்டம், உள்ள பக்கத்தை எடுத்து மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது. இதன் மூத்த மாடலான சி.எச். 701 வந்தது 1986இல். அது எடை குறைந்த சின்ன எஞ்சின்களை மனதில் வைத்து வரையப்பட்டது. ஓ-200 மாதிரி கொஞ்சம் கனமானதையும் தாங்கட்டும் என்று அதையே பெரிதாக்கி 2008இல் 750ஐக் கொண்டுவந்தார்கள். ஆகவே ரோட்டாக்ஸ், ஓ-200 இரண்டுமே வடிவமைத்தவர் போட்ட கணக்குக்குள் அடங்கியவை. மவுன்ட், மேல்மூடி, எக்சாஸ்ட் எல்லாம் அளவெடுத்துச் செய்தது கிடைக்கும், எங்கே சூடேறும், எங்கே உரசும் என்பதை உங்களுக்கு முன்னால் கட்டியவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். முதல் விமானம் கட்டுகிறவர் இந்த வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

எஞ்சின் என்றதும் எல்லோரும் குதிரைத்திறனைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது எடை. நீங்களே பென்சில் எடுத்துக் கணக்குப் போடுங்கள். 750இன் வெற்று எடை சுமார் 350 கிலோ. மொத்த எடையை 600 கிலோவுக்குள் வைத்துக்கொள்வோம். நீங்களும் மச்சானும் ஆளுக்கு 85 கிலோ என்றால் 170. இறக்கைத் தொட்டிகளில் 90 லிட்டர் பெட்ரோல், அது ஒரு 65 கிலோ. கூட்டினால் 585 வருகிறது. மிச்சம் 15 கிலோ. ரேடியேட்டர், எண்ணெய்த் தொட்டி, எக்சாஸ்ட் எல்லாவற்றையும் மாட்டி நிறுத்துப் பார்த்தால் ரோட்டாக்ஸைவிட ஓ-200 சுமார் 20 கிலோ கூட வரும். அவ்வளவுதான், உங்கள் பை, தண்ணீர் பாட்டில், டூல் பாக்ஸ் எல்லாம் தரையில். வடிவமைப்பு வரம்பு 600ஐவிடக் கொஞ்சம் கூடுதல்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்த மிச்சத்தை எஞ்சினுக்குத் தின்னக் கொடுப்பானேன்?

அந்த 20 கிலோ எங்கே உட்காருகிறது என்பது அடுத்த விஷயம். மூக்கில். ஈர்ப்பு மையத்துக்கு 1.2 மீட்டர் முன்னால் 20 கிலோ கூடினால், அதைச் சமன் செய்ய 3.4 மீட்டர் பின்னால் வாலில் ஏழு கிலோ வைக்க வேண்டும். பேட்டரியை வாலுக்குத் தள்ளுவது இதற்காகத்தான். தள்ளலாம், தப்பில்லை, ஆனால் தடித்த கம்பியை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டும், அந்தக் கம்பிக்கும் எடை உண்டு. எடை இப்படித்தான் ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் கூப்பிடும்.

சரி, குதிரைத்திறனுக்கு வருவோம். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் 1,352 சிசி, 100 குதிரைத்திறன். ஓ-200 ஏறத்தாழ 3,300 சிசி, அதுவும் 100 குதிரைத்திறன்தான். சின்ன எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்று சுற்றி அதைத் தருகிறது, பெரியது 2,750 சுற்றில் நிதானமாகத் தருகிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் விமானத்தை இழுப்பது புரொப்பெல்லர், அதற்கு வேகமாகச் சுற்றுவது பிடிக்காது. நுனி ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும், இழுவை குறையும். ரோட்டாக்ஸில் 2.43க்கு 1 என்ற கியர்பாக்ஸ் இருப்பதால் எஞ்சின் 5,800இல் கத்தினாலும் புரொப்பெல்லர் 2,390 சுற்றுதான் போகும். பெரிய புரொப்பெல்லர், மெதுவான சுற்று. உங்கள் 750 குட்டை ஓடுபாதையில் எழும்பி, மணிக்கு 160 கிலோமீட்டருக்குள் பறக்கிற விமானம். மெதுவாகப் போகும் விமானத்துக்கு நிறையக் காற்றை மெல்லத் தள்ளுகிற பெரிய புரொப்பெல்லர்தான் ஏற்றது. அதே 100 குதிரைத்திறனை நேரடியாக 3,300 சுற்றில் தரும் எஞ்சினைச் சின்ன புரொப்பெல்லரோடு போட்டால், வேகமாகப் பறக்கும் ஒல்லியான விமானத்துக்குப் பொருந்தும், உங்களுடையது ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடும். ஆகவே குதிரைத்திறனோடு எத்தனை சுற்றில், எவ்வளவு பெரிய புரொப்பெல்லரில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது அந்தப் பழைய ஓ-200. செஸ்னா 150இல் ஆயிரக்கணக்கில் பறந்த எஞ்சின் இது, எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது, உதிரி பாகம் கிடைக்கும். பேட்டரியை நம்பாமல் தானே தீப்பொறி தரும் மேக்னெட்டோ இருப்பதால் பேட்டரி செத்தாலும் எஞ்சின் நிற்காது, இது சின்ன விஷயமல்ல. ஆனால் விலை மலிவாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, ஆகி எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும் பார்க்கிறார்கள், எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும், தயாரிப்பாளர் சொல்லும் கெடு 12 வருடம். 200 மணி நேரம் மட்டும் ஓடி, 15 வருடம் ஹாங்கர் மூலையில் கிடந்த எஞ்சினை நான் நம்ப மாட்டேன், உள்ளே துரு பிடித்திருக்கும். வாரா வாரம் பறந்து 1,000 மணி நேரம் ஓடியது அதைவிட எவ்வளவோ மேல். புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் அடித்ததா என்று நேருக்கு நேர் கேளுங்கள். அடித்திருந்தால், பிரித்து, எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்டைச் சோதித்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும், வாய்வார்த்தை போதாது. சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கம்ப்ரெஷன் சோதனையை நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே செய்யச் சொல்லுங்கள். உரிமையாளர் தயங்கினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கார் எஞ்சின் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, எஞ்சின் மட்டும் பார்த்தால் மலிவுதான். ஹோண்டா ஃபிட்டின் 1.5 லிட்டர் எஞ்சின் அருமையான பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் அதைச் சுற்றி வருவதில். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது கார் கேட்பது ஏதோ 20 குதிரைத்திறன் சொச்சம். விமானம் தன் எஞ்சினின் முக்கால் பங்குத் திறனை மணிக்கணக்கில் விடாமல் கேட்கும். அந்தச் சூடு எங்கே போவது? ரேடியேட்டரை எங்கே வைப்பது, காற்று எப்படி நுழைந்து எப்படி வெளியேறுவது, எல்லாம் புதிதாக யோசிக்க வேண்டும். அப்புறம் கியர்பாக்ஸ். காரில் கிளட்ச், நெளியும் தண்டு, ரப்பர் எல்லாம் சேர்ந்து எஞ்சினின் ஒவ்வொரு உதைப்பையும் விழுங்கும். இங்கே கியரின் அந்தப் பக்கம் கனமான புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும், முறுக்கு அதிர்வு ஏதாவது ஒரு குறிப்பிட்ட சுற்றில் வலுத்துவிட்டால் பல்லையும் தண்டையும் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத விஷயம் இது, ஒரு நாள் முறிந்த பிறகுதான் தெரியும். அது போக, பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், தீப்பொறி எல்லாமே மின்சாரத்தை நம்பியிருப்பதால் இரண்டு பேட்டரி, இரண்டு பம்ப், இரண்டு தனித்தனி வயரிங் இல்லாமல் நான் ஏற மாட்டேன்.

கார் எஞ்சினில் பறந்தவர்களே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறார்கள். மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைத் தன் ஏர் கேம்பர் விமானத்தில் போட்டார், 1960இல் ஷெவ்ரலே கார்வேர் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மாறினார். கியர்பாக்ஸ் கிடையாது, நேராக கிராங்க்ஷாஃப்டிலேயே புரொப்பெல்லர். இன்றைக்கும் அந்த வடிவத்தைக் கட்டுகிறார்கள். ஆனால் அதே கார்வேரை வேகமான விமானங்களில் போட ஆரம்பித்ததும் கிராங்க்ஷாஃப்ட் முறிந்த சம்பவங்கள் வந்தன. காரில் அந்தத் தண்டின் முனையில் புரொப்பெல்லர் தொங்கவில்லை, வளைக்கும் விசையைத் தாங்க அது செய்யப்படவில்லை. முன்னால் ஐந்தாவதாக ஒரு பேரிங் சேர்த்த பிறகுதான் நிம்மதி வந்தது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறக்கக் கூடாது.

ஆக, உங்களுக்கு என் பதில்: காசு இருந்தால் மச்சான் சொல்கிற ரோட்டாக்ஸ். புதிது 20,000 டாலருக்கு மேல் ஆகும், வலிக்கத்தான் செய்யும். அந்த ஓ-200 சோதனையில் தேறினால் அதுவும் நல்ல தேர்வே, எடைக் கணக்கை மட்டும் விடாதீர்கள். எஞ்சின் வேலையே பிடிக்கும், பறப்பது இரண்டாம் பட்சம், இன்னும் இரண்டு வருடம் ஷெட்டில் கழித்தாலும் பரவாயில்லை என்கிறவர்தான் கார் எஞ்சின் பக்கம் போக வேண்டும். சான்றிதழ் பெற்ற எஞ்சினும் அதற்கென்று சான்றளித்த புரொப்பெல்லரும் சேர்ந்தால் அமெரிக்காவில் சோதனைப் பறப்பு வழக்கமாக 25 மணி நேரம், மற்றபடி 40 மணி நேரம். அந்த வித்தியாசம் சும்மா வைக்கப்பட்டதல்ல.

இன்னொன்று, இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எந்த எஞ்சினை வாங்கினாலும் அதற்குப் பெட்ரோல் போய்ச் சேரும் வழி உங்கள் கையால் கட்டியது. 2012இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொந்தமாகக் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்தபோது, எஞ்சின் சக்தி போவதுதான் முக்கியக் காரணங்களில் ஒன்றாக வந்தது, பறப்பதற்கு முன் பெட்ரோல் அமைப்பைத் தரையில் சோதித்துக் காட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். என் முதல் விமானத்தில் பெட்ரோல் குழாயை எக்சாஸ்டுக்கு ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோயிருந்தேன், போதும் என்று நினைத்தேன். ஒரு மே மாத மதியம், இறங்கி இருபது நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பினேன். மூடிக்குள் தேங்கிய சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, இருநூறு அடி உயரத்தில் எஞ்சின் திணறியது. ஓடுபாதை இன்னும் மிச்சமிருந்ததால் நேராக இறக்கினேன். அந்த எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. டெக்சாஸ் வெயிலில் இதை நீங்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும்: குழாய்க்கு வெப்ப உறை, சூடான பெட்ரோல் தொட்டிக்கே திரும்ப ஒரு வழி, மூடிக்குள் காற்றோட்டம். அப்புறம், விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, கார்பரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்று அளந்து பாருங்கள். முழுத் திறனில் எஞ்சின் குடிப்பதில், தானாக இறங்கும் அமைப்பென்றால் ஒன்றரை மடங்கு, பம்ப் என்றால் ஒன்றேகால் மடங்கு வர வேண்டும். தொட்டியில் கொஞ்சமே பெட்ரோல் இருக்கும்போது அளக்க வேண்டும், நிரப்பி வைத்து அளந்தால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள்.

கேள்வி: அண்ணா, பிரிஸ்பேனில் ஜாபிரு 2200 எஞ்சின் போட்ட பழைய விமானம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த எஞ்சின் வேண்டாம் என்று பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?
ஒரு வாசகி, பிரிஸ்பேன்

பதில்: உங்கள் ஊர் எஞ்சின்தானே தங்கச்சி, பண்டபெர்க்கில் செய்கிறார்கள். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், காற்றில் குளிர்வது, கியர்பாக்ஸ் இல்லாமல் 3,300 சுற்றில் 85 குதிரைத்திறன், எடையும் குறைவு. பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. நடுவானில் நின்றுபோன எஞ்சின்களின் எண்ணிக்கையைப் பார்த்து 2014 டிசம்பரில் ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையம் ஜாபிரு எஞ்சின் விமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. சிலிண்டர்களை இறுக்கிப் பிடிக்கும் நீள போல்ட்டுகள் முறிவது, வால்வுக் கோளாறு, இப்படிச் சில. தயாரிப்பாளர் சொன்னபடியே பராமரித்த, மாற்றம் செய்யாத எஞ்சின்களுக்கு 2016இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்.

ஆகவே நீங்கள் பார்த்து வைத்திருப்பது எந்தத் தலைமுறை எஞ்சின், போல்ட்டுகளைத் தடிமனான புது வகைக்கு மாற்றினார்களா, எப்போது, யார் மாற்றினார்கள் என்று லாக்புக்கில் பாருங்கள். நான்கு சிலிண்டரின் தலைச் சூட்டையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றை மட்டும் அளந்துகொண்டு மற்ற மூன்றும் அப்படியேதான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. காற்றுக் குழாய்கள் சரியாக இருந்து, சூடு அடங்கி ஓடுகிற ஜாபிரு நல்ல பிள்ளை. சூட்டோடு ஓடியது என்றால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம். வாங்கினால், ஓவர்ஹால் செலவையும் இப்போதே விலையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: விமான பெட்ரோல் போடுவதா, பங்க் பெட்ரோல் போடுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
ஒரு வாசகர், ஒன்டாரியோ

பதில்: எஞ்சினைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள், அதனால் ரோட்டாக்ஸ், லைகமிங் என்ற இரண்டு வகை விமான எஞ்சினுக்கும் சொல்கிறேன். 912 யுஎல்எஸ் நல்ல ஆக்டேன் பங்க் பெட்ரோலுக்காகச் செய்தது, பம்பில் 91 என்று எழுதியிருப்பதைப் போடுங்கள். பத்து சதவீத எத்தனால் வரை எஞ்சின் தாங்கும், உங்கள் தொட்டியும் குழாய்களும் தாங்குமா என்பது வேறு கேள்வி, ஃபைபர் தொட்டி என்றால் என்ன பிசின் என்று கட்டியவரைக் கேட்டே தீர வேண்டும். விமான பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. அது ரோட்டாக்ஸின் கியர்பாக்ஸ் எண்ணெயில் சேரும், அதற்கும் எஞ்சினுக்கும் ஒரே எண்ணெய்தான். அடிக்கடி அதைப் போட்டால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள். லைகமிங் என்றால் எத்தனால் கலந்தது ஒரு சொட்டும் வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். புல்லட் எஞ்சினை வைத்து ஒருவர் பறக்கும் விமானம் கட்ட முடியுமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
ஒரு மாணவர், கோவை

பதில்: தம்பி, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், கேள்வி நல்ல கேள்வி. முதலில் ஒரு பழைய கணக்கு. 1902 கடைசியில் ரைட் சகோதரர்கள் கார் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள், அவர்கள் கேட்ட எடையில் எஞ்சின் தர யாரும் முன்வரவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். அலுமினிய உடம்பு, நான்கு சிலிண்டர், எடை 80 கிலோ சொச்சம், 12 குதிரைத்திறன். அவர்களுக்கு எட்டு இருந்தாலே போதும் என்று கணக்கு. அந்த எஞ்சினும் 3,300 சிசிதான், மேலே ஹூஸ்டன் வாசகர் கேட்ட ஓ-200இன் அதே கொள்ளளவு, இது 100 தருகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் வீணாக்காமல் சைக்கிளில் இருப்பது மாதிரி செயின் வைத்துச் சுற்றைக் குறைத்து இரண்டு பெரிய புரொப்பெல்லரைச் சுற்றினார்கள் பாருங்கள், அங்கேதான் அவர்கள் ஜெயித்தார்கள்.

இப்போது புல்லட். 350 சிசி, 20 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்பில் இருப்பதால் தேவையில்லாத எடையைச் சுமப்பீர்கள். ஒற்றை சிலிண்டரின் உதைப்பு மவுன்ட்டையும் புரொப்பெல்லரையும் படுத்தி எடுக்கும். முதுகில் மாட்டிப் பறக்கும் பாராமோட்டரில் 185 சிசி இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினே 25 குதிரைத்திறன் தருகிறது, எடையோ அதில் மிகக் குறைவு. பைக் எஞ்சினே வேண்டுமென்றால் எதிரெதிர் இரட்டை சிலிண்டர் கொண்ட பி.எம்.டபிள்யூ பாக்ஸர் எஞ்சின்களை ஐரோப்பாவில் சின்ன விமானங்களில் போட்டிருக்கிறார்கள், அவற்றைப் படியுங்கள். இரண்டு-ஸ்ட்ரோக் என்றால் ரோட்டாக்ஸ் 582இன் கையேட்டைப் படியுங்கள், எஞ்சின் எந்த நேரமும் திடீரென்று நிற்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதி வைத்திருக்கிறார், 64 குதிரைத்திறனுக்கு 300 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால். பெங்களூரில் தேசிய வான்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) செய்த ஹன்சா-3 என்ற சின்ன விமானத்திலும் ரோட்டாக்ஸ் 914தான் இருக்கிறது, வாய்ப்புக் கிடைத்தால் அதன் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள், குழாய்களையும் வயர்களையும் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று.

புல்லட்டைக் கைவிட வேண்டாம், தரையில் ஓட்டுங்கள். ஒரு இரும்புச் சட்டத்தில் எஞ்சினை ஏற்றி, பெல்ட் வைத்துச் சுற்றைக் குறைத்து, மரப் புரொப்பெல்லர் மாட்டி, சட்டத்தைத் தராசோடு கட்டி இழுவையை அளந்து பாருங்கள். சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு கட்டாயம், புரொப்பெல்லர் சுற்றும் தளத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. ஒரு மணி நேரம் முக்கால் திறனில் விடாமல் ஓட்டி, தலைச் சூடு, எண்ணெய்ச் சூடு, எந்த போல்ட் தளர்ந்தது என்று நோட்டில் எழுதுங்கள். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதி இல்லாமல் அது தரையை விட்டு ஒரு அடிகூட எழும்பக் கூடாது, இதில் உங்கள் பேராசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டை எனக்கு அனுப்பினால் உட்கார்ந்து படித்து, வரிக்கு வரி பதில் எழுதுகிறேன்.